பிறந்த வீட்டுக் கோடி

அக்கா சாவதை நான் முதலில் பார்த்தது கொடிகாமத்தில், ஒரு தென்னங்காணிக்குள். மத்தியான வெயில். மகனுக்குக் கஞ்சி கொண்டுபோகும் தாய் வழியில் விழுந்து செத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி. நான் ஜெனரேற்றரோடு வந்தவன். வாடகைக்கு வான் ஓட்டுவேன், ஜெனரேற்றர் இழுப்பேன், லைற் தூக்குவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எந்த ஊரில் வேலை கிடைக்கிறதோ அதுதான் என் ஊர். வவுனியாவில் அரிசி ஆலை, குருநகரில் மீன்வாடி, கொஞ்சக்காலம் கட்டாரில் கட்டட வேலை. சினிமா என்றால் எப்படி எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு மனுசி வெயிலில் விழுந்தார், எழும்பவில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

கமராக்காரப் பெடியன் "கட்" சொல்லிவிட்டான். எல்லோரும் நிழலுக்கு ஓடினார்கள். அந்த மனுசி கிடந்தபடியே கிடந்தார். வாயோரத்தில் ஒரு கட்டெறும்பு ஏறியது. நான் பயந்துபோய்க் கிட்டப் போனேன்.

"அம்மா... அம்மா..."

"எறும்பைத் தட்டிவிடு தம்பி" என்றது பிணம். "எழும்பச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை. எவ்வளவு நேரத்தில உவைக்கு என்ரை நினைவு வருதெண்டு பாப்பமெண்டு கிடக்கிறன்."

கையைப் பிடித்து எழுப்பினேன். சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அம்மா எண்டு கூப்பிடாதை. உவைக்கெல்லாம் நான் நாள் முழுக்க அம்மாதான். நீயாவது அக்கா எண்டு சொல்லு."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. வயதில் என் தாயை விடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார்.

"மூச்சை எப்பிடி அக்கா அடக்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

"மூச்சு என்ன பெரிய மூச்சு. நெஞ்சை அடக்கலாம், வயித்தை அடக்கலாம். தொண்டையைத்தான் அடக்கேலாது. எச்சில் ஊறும், விழுங்கு விழுங்கு எண்டு சொல்லும். ஒருத்தன் செத்தமாதிரி நடிக்கிறானோ எண்டு பாக்க வேணுமெண்டா நெஞ்சைப் பாக்காதை. தொண்டையைப் பார்."

"உங்கடை தொண்டை அசையேல்லையே?"

"நான் நடிகை எல்லே, மொக்கு."

அதற்குப் பிறகு பல படங்களில் அவர் செத்தார். எங்கள் பக்கத்துப் பெடியள் எடுக்கிற குறும்படம் எதிலும் ஒரு தாய் இருப்பாள். ஒன்றில் அழுவாள், இல்லாவிட்டால் சாவாள். இரண்டுக்கும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். நான் வானில் ஏற்றிக்கொண்டு போவேன், ஏற்றிக்கொண்டு வருவேன். கொடிகாமத்தில் சந்தையிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் அவருக்குச் சின்ன வீடு ஒன்று இருந்தது. தனி ஆள். படலைக்குக் கொக்கி கிடையாது. ஊர் மாடெல்லாம் உள்ளே வந்து கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டுப் போகும். நான் ஒருநாள் கொக்கி வாங்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று விட்டார்.

"ஆரும் வாறதெண்டா, பூட்டிக் கிடக்குதெண்டு திரும்பிப் போயிடுவினம்."

"ஆர் வரப்போகினம்?"

"மாடு வருகுதுதானே" என்றார்.

அக்காவைப் பற்றி ஒரே ஒரு விசயம்தான் சொல்ல வேண்டும் என்றால், அவர் எதையும் யாரிடமும் கேட்கமாட்டார். நடிப்பார். "கேட்டாத் தரமாட்டினம் தம்பி. நடிச்சாத் தருவினம்." இதை நூறு தடவை சொல்லியிருப்பார். நான் முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன்.

நல்லூரில், ரியூசன் விட்டுச் சைக்கிள்கள் போகிற ஒழுங்கை ஒன்றில் படப்பிடிப்பு. மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் குறைந்துவிட்டது. பெடியளெல்லாம் வட்டமாக இருந்து பிரித்துச் சாப்பிடுகிறார்கள். அக்காவுக்கு வரவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா மதிலைப் பிடித்தார், நெற்றியைத் தொட்டார், அப்படியே சரிந்து நிலத்தில் இருந்தார். ஓடினார்கள். ஒருவன் சோடா உடைத்தான், ஒருவன் விசிறினான், ஒருவன் தன் பார்சலை அப்படியே கொண்டுவந்து கொடுத்தான், பொரித்த மீனோடு. போகும்போது வானில் கேட்டேன்.

"ஏன் அக்கா, எனக்குச் சாப்பாடு வரேல்லை எண்டு சொல்லலாம்தானே?"

"சொன்னா, பொறுங்கோ அன்ரி எண்டுவினம். பொறுத்துக்கொண்டே இருக்க வேணும். விழுந்தாத்தான் ஓடி வருவினம்." பிறகு சொன்னார்: "மீன் நல்ல மீன்."

இன்னொரு நாள் ஜெனரேற்றர் பெல்ற் என் கையைக் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பெரிய வரிசை. நான் துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்றேன். அக்கா ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அந்தக் கூடமே அதிரும்படி ஒரு குரல் எடுத்தார். "ஐயோ, என்ரை ஒரே பிள்ளை!" என் தலையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். வரிசை தானாக விலகியது. நேர்ஸ் பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு உள்ளே போனது. தையல் போட்டு வெளியே வந்தபின் ஒரு மூலையில் கிடந்த மர வாங்கில் குந்தியிருந்தோம். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அக்காவின் கை இன்னும் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அக்கா, ஒருத்தரும் பாக்கேல்லை" என்றேன்.

கையை எடுத்தார். "ஓம் என்ன. மறந்துபோனன்."

எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கே நடிக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று தெரியாத ஆளோடு பழகுவது கிணற்றுக்கட்டில் நடப்பது மாதிரி. ஆனால் அந்தக் கையை எடுக்கச் சொல்லியிருக்க வேண்டாம் என்றும் தோன்றியது.

அவருடைய பழைய கதை எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். பண்டத்தரிப்புப் பக்கம் பிறந்தவர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, அண்ணர்தான் வளர்த்தார். வெங்காயத் தோட்டம் செய்கிறவர். தங்கச்சிக்குச் சோறு குழைத்துக் கொடுத்து வளர்த்த ஆள். ஊர்த் திருவிழா மேடையில் நாடகம் போட ஒரு பெண் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். அதுவரை ஆம்பிளைகள்தான் பெண் வேசம் கட்டியிருந்தார்கள். அக்கா அண்ணரைக் கேட்கவில்லை. போய் ஏறிவிட்டார். அந்த நாடகத்தில் ஒரு கலியாணக் காட்சி. மேடையில், சனத்துக்கு முன்னால், யாரோ ஒரு பெடியன் அக்காவின் கழுத்தில் தாலி கட்டினான். மட்டையில் வெட்டின தாலி, மஞ்சள் கயிறு.

மட்டையோ பொன்னோ, கட்டினது கட்டினதுதான் என்று ஊர் சொல்லியது. அந்த நேரம் அண்ணருக்கு ஒரு இடத்தில் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. "மேடையில தாலி ஏறினவளின்ரை வீட்டில நாங்கள் சம்பந்தம் செய்யமாட்டம்" என்று பெண் வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள். அக்காவையும் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. கட்டின பெடியன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அண்ணர் அக்காவின் உடுப்புப் பெட்டியைத் தூக்கி ஒழுங்கையில் வைத்துவிட்டுச் சொன்னாராம்:

"இனி உன்ரை செத்தவீட்டுக்குத்தான் நான் உன்ரை படலை திறப்பன்."

அந்த அண்ணர் பிறகு வேறு இடத்தில் கட்டி, பிள்ளை குட்டியோடு நன்றாகத்தான் இருந்தார். அக்காவும் ஊர் ஊராக நடித்தார். ஒலிவாங்கி இல்லாத மேடைகளில், கடைசியில் நின்று கச்சான் கடலை விற்கிறவனுக்கும் கேட்கிற குரல் அவருடையது. சண்டைக் காலத்தில் வீதி நாடகம் போட்டார், அகதி முகாமில் போட்டார். "பாத்தவையும் பசி, நடிச்சவையும் பசி. கை தட்டினா அடுத்தவேளைக்குச் சத்து இருக்காதெண்டு ஒருத்தரும் தட்டேல்லை" என்பார். இதெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. அண்ணரைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் வான் கண்ணாடிக்கு வெளியே பார்ப்பார்.

"ஒருக்கா வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனாப் போதும். நான் வேறை ஒண்டும் ஆசைப்படேல்லை."

"போய்க் கேளுங்கோவன்."

"கேட்டாத் தரமாட்டினம்."

எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் அவர் நேராகக் கேட்டது ஒரே ஒரு முறை. வெளிநாட்டிலிருந்து வந்து படம் எடுத்த இயக்குநர் பெடியனிடம். படம் முழுக்க அக்கா வருவார், ஒரு வார்த்தையும் கிடையாது. அழ வேண்டும், வாசலைப் பார்க்க வேண்டும், கடைசியில் சாக வேண்டும்.

"தம்பி, எனக்கு ஒரு வசனம் தாங்கோவன். சின்னனா எண்டாலும் பரவாயில்லை."

"உங்களுக்கு என்னத்துக்கு அன்ரி வசனம்? உங்கடை முகமே போதும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா என்பது மாதிரி.

அந்தப் படத்தில்தான் எல்லாம் நடந்தது. தாய் செத்தபின், ஊருக்குத் திரும்பி வருகிற மகன் சந்தை மதிலில் மரண அறிவித்தலைப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் ஆள் செத்தால் படத்தோடு அறிவித்தல் அடித்துச் சந்தியிலும் சந்தையிலும் ஒட்டுவதுதானே வழமை. அடிக்கப்போன பெடியன் அக்காவின் வீட்டு முற்றத்தில் நின்று கேட்டான்.

"செத்தவவின்ரை பேர் என்னெண்டு போடுறது?"

"என்ரை பேரைப் போடும்" என்றார் அக்கா.

"விசரே அன்ரி? உயிரோட இருக்கிற ஆளின்ரை பேரைப் போடுறதோ?"

"இவ்வளவு காலம் நடிச்சன். ஒரு நோட்டீசில என்ரை பேர் பெரிய எழுத்தில வந்ததோ? இதிலயாவது வரட்டும். அப்ப நான் சொல்லச் சொல்ல எழுதும். பண்டத்தரிப்பைப் பிறப்பிடமாகவும் கொடிகாமத்தை வதிவிடமாகவும் கொண்ட..."

கடைசியில் அண்ணரின் பெயரைச் சொல்லி, அவரின் பாசமிகு சகோதரியும் ஆவார் என்று போடச் சொன்னார்.

"படத்தில அண்ணன் ஒருத்தரும் இல்லையே அன்ரி."

"உறவு முறை இல்லாத அறிவித்தலை ஆர் நம்புவினம்?"

அண்ணர் கிழமைக்கு ஒருமுறை கொடிகாமம் சந்தைக்கு வெங்காயம் கொண்டு வருகிறவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அக்காவுக்குத் தெரியும். அந்த நாளில் மட்டும் அவர் சந்தைப் பக்கமே போகமாட்டார். அவர் வேண்டுமென்றுதான் அந்தப் பெயரைப் போடச் சொன்னாரா? நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

பின்னேரம் சந்தை மதிலில் ஒட்டி, மகன் பார்த்து அழுகிற காட்சியை எடுத்தார்கள். மழை வந்தது. கமராவை மூடிக்கொண்டு எல்லோரும் வானுக்கு ஓடினோம். மதிலில் ஒட்டினதை உரிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் நினைவில்லை.

அடுத்த நாள் செத்தவீட்டுக் காட்சி. அக்காவின் வீட்டிலேயே எடுப்பதாக ஏற்பாடு. முதல்நாளே பந்தல் போட்டு, வெள்ளை கட்டி, கதிரைகள் அடுக்கி, நடு அறையில் பெட்டி வைத்து, தலைமாட்டில் குத்துவிளக்கு, தட்டில் வாய்க்கரிசி எல்லாம் தயாராக இருந்தது. பெடியள் தங்குமிடத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஜெனரேற்றருக்குக் காவலாக வானுக்குள் படுத்தேன். விடிய எழும்பிக் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நிற்கிறேன், ஒழுங்கையில் ஒரு சின்ன பட்டா லொறி வந்து நின்றது. பின்பக்கம் பாதி வெங்காய மூட்டை. சாரதிக்குப் பக்கத்திலிருந்து ஒரு வயதுபோன மனிதர் இறங்கினார். வேட்டியில் செம்மண். கையில் ஒரு கடைப் பை. படலைக்கு வெளியே நின்று வெள்ளையைப் பார்த்தார்.

"தம்பி, இதுதானோ..." என்று அக்காவின் பெயரைச் சொன்னார். "எப்ப நடந்தது?"

யாரென்று எனக்கு விளங்கிவிட்டது. அக்காவின் தாடை அப்படியே அவருக்கும் இருந்தது.

"ஐயா, அது வந்து..." என்று தொடங்கித் திரும்பிப் பார்த்தேன். குசினி யன்னலில் அக்கா. வீட்டில் போடுகிற சோட்டிக் கவுனோடு, கையில் தேத்தண்ணிக் கோப்பை. முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்து, வேண்டாம், சொல்லாதே என்று தலையை ஆட்டினார். கோப்பையை வைத்தார். யன்னலில் ஆளைக் காணவில்லை.

"உள்ள வாங்கோ ஐயா" என்றேன்.

"சனம் ஒருத்தரையும் காணேல்லை?"

"வருவினம். இப்ப வந்திடுவினம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் படலையில் கை வைத்தார். கொக்கி இல்லாததால் அது தானாகவே திறந்தது. ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார்.

அக்கா பெட்டிக்குள் கிடந்தார். சோட்டி தெரியாதபடி வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருந்தார். கண் மூடி, கை கூப்பி. நான் ஓடிப்போய்க் குத்துவிளக்கைக் கொளுத்தினேன். அண்ணருக்குக் கண்ணில் வெண்புரை படர்ந்திருந்தது. பெட்டியின் விளிம்பைத் தடவித் தடவித்தான் கிட்ட வந்தார். பைக்குள்ளிருந்து ஒரு புதுச்சீலையை எடுத்தார். பாக்கு நிறம், மஞ்சள் கரை. சந்தைக் கடையில் அப்போதுதான் வாங்கியிருக்க வேண்டும், விலைத் துண்டு இன்னும் தொங்கியது. பெண் செத்தால் பிறந்த வீட்டார் புதுச்சீலை கொண்டுவந்து போட வேண்டும். கோடி என்பார்கள். பிறந்த வீட்டுக் கோடி இல்லாமல் போகிறவள் நாதியில்லாமல் போகிறாள் என்று சொல்வார்கள். அவர் அதை விரித்து அக்காவின் மேல் போட்டார். தட்டில் இருந்த அரிசியை விரலால் எடுத்து மூன்று முறை அக்காவின் வாயில் போட்டார். அக்கா அசையவில்லை. நான் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அசையவில்லை.

கதிரையை இழுத்துத் தலைமாட்டில் இருந்தார்.

"வெங்காயம் இறக்கிக்கொண்டு நிண்டனான் பிள்ளை. மதிலில ஒரு முகம், பாத்த முகம் மாதிரி. எனக்குக் கண் தெரியாது. பக்கத்துக் கடைக்காரனைக் கொண்டு வாசிப்பிச்சனான். என்ரை பேரும் போட்டிருக்கெண்டு சொன்னான்."

மூக்கைத் துண்டால் துடைத்தார்.

"கோவத்தில சொன்னது. செத்தவீட்டுக்குத்தான் வருவன் எண்டு. ஒரு கதைக்குச் சொன்னது. அதைப் போய்ப் பிடிச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் இருந்திட்டியேடி. ஒருக்கா வந்து, அண்ணை வா எண்டு கேட்டிருக்கலாம்தானே? நானா எப்பிடி வாறது? சொன்ன வாய் எல்லே. நீ கேட்டிருந்தா வந்திருப்பன். நீ கேக்கேல்லை. ஒருநாளும் கேக்கேல்லை."

தொண்டை அசைந்தது. ஏறி இறங்கியது. உதட்டிலிருந்து அரிசி கோடிச்சீலையில் கொட்டியது.

"அண்ணை."

கதிரை விழுந்தது. அவர் கத்தவில்லை. குனிந்து, மங்கின கண்ணை அக்காவின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு கணம் அந்த முகத்தில் வந்தது சந்தோசம். அதை நான் கண்டேன். இன்னொரு நிமிடம் கிடைத்திருந்தால் அவர் அழுதிருப்பார் அல்லது அடித்திருப்பார். இரண்டில் எதுவென்றாலும் பிறகு தேத்தண்ணி குடித்திருப்பார்.

ஒழுங்கையில் ஹோர்ன் கேட்டது. பெடியள் இறங்கினார்கள். ஒருவன் பந்தலுக்குள் நுழைந்தபடியே கூப்பிட்டான்: "அன்ரி! ரெடியோ? பிணத்துக்கு மேக்கப் போட வேணும்!"

அண்ணர் நிமிர்ந்தார். வெளியே கமராத் தாங்கியை இறக்குகிற சத்தம். அவருக்கு விளங்கியது. விளங்கியது என்று சொல்வதும் சரியில்லை. தலையை உயர்த்தி முகட்டு மூலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கை வைச்சிருக்கிறாய்?"

"என்னத்தை அண்ணை?"

"கமராவை. இதுவும் படமோடி?"

"இல்லை அண்ணை, சத்தியமா இல்லை." அக்கா பெட்டிக்குள் எழும்பி இருந்தார். கோடிச்சீலை மடியில் சரிந்தது. "கேட்டிருந்தா வந்திருப்பன் எண்டனீங்கள் எல்லே. இப்ப கேக்கிறன். போகாதேங்கோ. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. கேக்கிறன் அண்ணை."

கடைசி வரிசைக் கச்சான்காரனுக்கும் கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"செத்தவீட்டுக்கு வருவன் எண்டன். வந்திட்டன்" என்றார் அண்ணர். "கோடியும் போட்டாச்சு, வாய்க்கரிசியும் போட்டாச்சு. இனி எனக்கு இஞ்சை அலுவல் இல்லை."

கை நீட்டி வழி தடவிக்கொண்டு போனார். பெடியள் விலகி நின்றார்கள். போகும்போது படலையை இழுத்துச் சாத்தினார். அது திரும்பவும் திறந்துகொண்டது.

அன்றைக்குப் படப்பிடிப்பு நடந்தது. பந்தல், பெட்டி, ஆட்கள் எல்லாம் வந்தாகிவிட்டதே. அக்கா போய்ப் படுத்தார். முதல் தடவை எடுத்தபோது மூடின கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் ஓடியது. "அன்ரி, பிணம் அழக்கூடாது" என்றான் இயக்குநர் பெடியன், கொஞ்சம் கோபமாக. கடைசியில் முகத்தை விட்டுவிட்டுக் காலை மட்டும் எடுத்தார்கள்.

சில நாள் கழித்து அக்கா என்னிடம், "பண்டத்தரிப்புக்கு ஒருக்கா விடுவியோ?" என்றார். வானைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். வசனம் பாடமாக்குகிறார் என்று நினைத்தேன். அதுதான்.

"அண்ணை வாங்கோ, அவ்வளவுதான். வேறை ஒண்டும் சேக்கக்கூடாது. அழக்கூடாது, மயங்கக்கூடாது."

அண்ணரின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். நேராக, நடிக்காமல். "அண்ணை, நான் வந்திருக்கிறன்." அண்ணரின் பெண்சாதி, அக்காவுக்கு மச்சாள், வெளியே வந்தார். அக்காவை நேரே பார்க்காமல், "அவர் இல்லை. தோட்டத்துக்குப் போயிட்டார்" என்றார். வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. பட்டா முற்றத்தில் நின்றது. அறை யன்னலில் சீலைத்திரை ஒருமுறை அசைந்து நின்றது.

அக்கா கொஞ்ச நேரம் அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு வந்து வானில் ஏறினார். கொடிகாமத்தில் இறங்கும்போது சொன்னார்:

"உள்ளுக்கை நிண்டு நடிக்கிறார் தம்பி. எங்கடை குடும்பத்துக்கு அது வரும்."

சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாத நேரம்.

அதற்குப் பிறகு அவரை அழைத்தால் போவார், நடிப்பார், வருவார். ஆனால் வெளியே நடிப்பதை விட்டுவிட்டார். பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் நின்றபடியே வருவார். சாப்பாடு வராவிட்டால் சாப்பிடாமல் இருப்பார். "அக்கா, ஒருக்கா மயங்குங்கோவன்" என்று பகிடி விட்டுப் பார்த்தேன். "ஏலாதடா" என்றார். கோடிச்சீலையை மடித்து அலுமாரியில் மேல்தட்டில் வைத்திருந்தார், விலைத் துண்டோடு.

போன மாரியில் காய்ச்சல் வந்தது. வீட்டுக்குள்ளேயே கிடந்திருக்கிறார். யாரையும் கூப்பிடவில்லை. நான் அப்போது மன்னாரில் வேலையாக நின்றேன். வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. வரிசை விலகும்படி குரல் எடுக்க நான் முயன்று பார்த்தேன். எனக்கு வரவில்லை.

அறிவித்தல் அடித்தேன். பழையதில் இருந்த அதே வசனம், அதே படம். வேறு படம் அவரிடம் இல்லை. சந்தை மதிலில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது வெற்றிலைக் கடைக்காரர் கேட்டார்:

"என்ன தம்பி, இரண்டாம் பாகமோ?"

"இல்லை அண்ணை, உண்மையா."

"முந்தியும் உப்பிடித்தான் சொல்லி ஆக்களைப் பேய்க்காட்டினனீங்கள். ஒரு கிழவன் பாவம், என்ரை கடைக்கு முன்னாலதான் நிண்டு அழுதது."

வெளிநாட்டு இயக்குநருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கவலை தெரிவித்துப் படத்திலிருந்து ஒரு காட்சியை முகநூலில் போட்டார், அக்கா பெட்டிக்குள் கிடக்கிற காட்சி. கீழே சனம், 'நல்ல நடிப்பு', 'படம் எப்ப வரும்' என்று எழுதியிருந்தது. பின்னேரம்வரை வீட்டுக்கு வந்த சனம் ஒரு வானுக்குள் அடங்கும்.

அண்ணருக்குப் போன் எடுத்தேன். மச்சாள்தான் எடுத்து அவரிடம் கொடுத்தார். விசயத்தைச் சொன்னேன்.

"அந்தச் செத்தவீட்டுக்கு நான் வந்திட்டுப் போயிட்டன் தம்பி."

"ஐயா, இது படமில்லை. நான் ஆஸ்பத்திரியில பக்கத்தில நிண்டனான்."

"ஓம். தெரியும்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தச் சீலை கிடக்கோ?"

"கிடக்கு ஐயா. கட்டேல்லை. அப்பிடியே வைச்சிருந்தவ."

"அதைப் போடுங்கோ" என்றார். "அது பிறந்த வீட்டுக் கோடிதான்."

அலுமாரியைத் திறந்து எடுத்தேன். மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. விரித்தபோது பழைய வாய்க்கரிசியில் ஒன்றிரண்டு மணி உள்ளிருந்து உதிர்ந்தது. விலைத் துண்டைக் கடித்து அறுத்துவிட்டுப் போர்த்தினேன். பிள்ளை செய்ய வேண்டிய இடத்தில் நின்று அரிசி போட்டேன். பெட்டியை மூடுகிறவன் அவசரப்படுத்தினான். மழை வரப்பார்த்தது.

வந்திருந்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் தொண்டையைப் பார்த்தேன். தென்னங்காணிக்குள் அன்றைக்கு எழும்பச் சொல்லி ஒருவரும் சொல்லாமல் கிடந்தவர். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எழும்புங்கோ அக்கா" என்றேன்.

பெட்டிக்காரன் என் தோளைத் தொட்டு விலக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.